லேஓவருக்கு மடக்கு சைக்கிள்: பெட்டி கட்டுவது முதல் சிங்காநல்லூர் குளம் வரை

கோயமுத்தூரில் லேஓவர், அதாவது இரண்டு பறப்புக்கு நடுவே நைட் ஹால்ட், விழும் கேபின் க்ரூவுக்கும், இந்த ஊர்க்காரராக இருந்து வெளியூரில் ஹால்ட் ஆகும் க்ரூவுக்கும் இந்தச் செய்முறை. சைக்கிளை மடக்க, விரிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறோம். அது வாங்கிய கடையிலேயே பழகிவிடும். மடக்கியதை வளையாமல், உடையாமல் விமானத்தின் வயிற்றில் போட்டு எடுப்பதுதான் இங்கே பாடம்.

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் கம்பெனியின் க்ரூ பேக்கேஜ் விதியைப் படியுங்கள். டூட்டியில் பறக்கும்போது ஒரு விதியும், பயணியாக உட்கார்ந்து போகும்போது வேறு விதியும் இருக்கலாம். பேஸ் மேனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்டதோடு விடாதீர்கள், மெயிலில் பதில் வாங்குங்கள். லோடிங் பகுதியில் யாராவது கேட்டால் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

அளவும் எடையும்

பெரும்பாலான கம்பெனிகள் செக்-இன் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கின்றன. பெட்டியின் சக்கரமும் கைப்பிடியும் இந்தக் கணக்கில் சேரும். 16 அங்குலச் சக்கரம் உள்ள பிராம்ப்டன் மடக்கினால் 64.5 × 58.5 × 27 செ.மீ., கூட்டினால் 150. மிச்சமிருக்கும் 8 செ.மீ.க்குள் பெட்டியின் தடிமனும் உள்ளே வைக்கும் ஃபோமும் அடங்க வேண்டும்.

20 அங்குலச் சக்கரம் உள்ள டாஹோன், டெர்ன் வகைகளை மடக்கினால் மட்டும் போதாது. இரண்டு சக்கரத்தையும் கழற்றினால்தான் 76 × 52 × 30 அளவுள்ள பெட்டிக்கு வழி பிறக்கும். அதிலும் சில மாடல்களின் ஃபிரேம் நுழையாது. கிராஸ்கட் ரோட்டில் பெட்டி பார்க்கப் போகும்போது டேப்பைக் கையில் எடுத்துப் போய், வெளி அளவையும் உள் அளவையும் தனித்தனியாக எடுங்கள். காற்றடித்த 20 அங்குல டயரின் குறுக்களவே ஏறக்குறைய 50 செ.மீ. வரும். 52 அகலப் பெட்டியின் உள்ளே அது படுக்க வேண்டுமானால் காற்றை இறக்கியாக வேண்டும்.

உள்நாட்டு எகானமியில் வழக்கமான செக்-இன் எடை 15 கிலோ. இரும்பு ஃபிரேம் பிராம்ப்டன் 11 முதல் 12 கிலோ. கெட்டிப் பெட்டி 4 முதல் 5 கிலோ. கூட்டிப் பார்த்தால் எல்லையைத் தொடும் அல்லது தாண்டும். அதனால் 16 அங்குல சைக்கிளுக்கு ஃபோம் தைத்த மென்பையையும், சக்கரம் கழற்றிய 20 அங்குல சைக்கிளுக்குக் கெட்டிப் பெட்டியையுமே நாங்கள் சொல்வோம். கெட்டிப் பெட்டி எடுப்பவர்கள் கூடுதல் எடைக்கான அனுமதியையும் அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்த அளவு சைக்கிள் நல்லது? ஒரு நாளுக்கும் குறைந்த ஹால்ட் என்றால் 16 அங்குலம். கழற்ற வேண்டியது குறைவு, ஹோட்டல் அறையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பிராம்ப்டனின் 16 அங்குலம் 349 ரிம் (ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், எம்.எம்.மில்). குழந்தைகள் சைக்கிளில் வரும் 16 அங்குலம் 305 ரிம். ரெண்டும் வேறு. பொள்ளாச்சியிலோ கோபியிலோ பஞ்சரானால் 349 ட்யூப் கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், இரண்டைக் கையோடு கொண்டு போங்கள். 20 × 1.75 ட்யூபோ குழந்தைகள் சைக்கிள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

4, 5, 6 எம்.எம். ஆலன் கீ, பெடலுக்கு 15 எம்.எம். ஸ்பேனர், தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு, வெல்க்ரோ பட்டைகள், ஏ.சி. பைப்பின் மேல் மாட்டும் கறுப்பு நுரைக் குழாய் இரண்டு மீட்டர், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ. பபிள் ரேப்பை விட பனியன் வேஸ்ட் எவ்வளவோ மேல். சந்து பொந்தெல்லாம் அடைக்கும், செயின் எண்ணெயை உறிஞ்சும், போன இடத்தில் கை துடைக்கவும் ஆகும். ஜிப் டை வேண்டாம். செக்யூரிட்டியில் பெட்டியைத் திறந்தால் வெட்டித்தான் எடுப்பார்கள், திரும்பக் கட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. வெல்க்ரோ என்றால் பிரித்த கையாலேயே ஒட்டிவிடலாம்.

கழற்றும் வரிசை

முதலில் பெடல். வலது பெடல் இடஞ்சுழியாகக் கழலும், இடது பெடல் வலஞ்சுழியாகக் கழலும். இடது பக்கத்தை வழக்கம்போல் திருகி மேலும் இறுக்கிவிடுபவர்கள் அதிகம். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த தடவை மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்து சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். டாஹோன் போஸ்ட் 33.9 எம்.எம். தடிமன், 58 செ.மீ. நீளம். பெட்டியின் நீளவாக்கில் ஓரமாகப் படுக்க வையுங்கள். பிறகு சக்கரங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே தாங்க ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் இன்னும் நாலு பெட்டி ஏறினால் கால்கள் உள்பக்கமாக நசுங்கும். ஏ320 போன்ற விமானங்களிலும், சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். சிறு விமானத்திலும் பெட்டிகளை ஆட்களே கையால் அடுக்குவது வழக்கம். உங்கள் பெட்டி அடியில் போகாது என்று யாராலும் சொல்ல முடியாது. காட்டூர் ஹார்டுவேர் கடையில் 8 எம்.எம். மரை கம்பி வாங்கி, முன்பக்கத்துக்கு 11 செ.மீ., பின்பக்கத்துக்கு 17 செ.மீ. என்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஃபோர்க்குக்கு உள்ளே ஒரு நட்டும் வாஷரும், வெளியே ஒரு வாஷரும் நட்டும். உள் நட்டுகளை வைத்து இடைவெளியைச் சரி செய்யுங்கள்: டாஹோனின் முன் ஃபோர்க்கில் 74 எம்.எம்., பின்னால் பெரும்பாலும் 130 அல்லது 135. அளந்து வையுங்கள். கண் மதிப்பில் இறுக்கினால் கம்பியே ஃபோர்க்கை விரித்துவிடும்.

டீரெய்லர்: பெரும்பாலோர் சிக்கும் இடம்

பெட்டி நன்றாக வந்து சேர்ந்திருக்கும், ஒரு கீறல் இருக்காது. விரித்து ஓட்டினால் கியர் தானாகத் தாவும், மிகப் பெரிய பல்சக்கரத்தில் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஸ்போக்கில் உரசும். ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பின் டீரெய்லரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். அடி பட்டால் ஃபிரேம் வளையாமல் அது வளையட்டும் என்பதற்காக. சைக்கிளின் வலது பக்கத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும் அதுவே. பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தால் முதலில் வளையும்.

ஃபோம் சுற்றினால் போதும் என்பது தப்பு. ஃபோம் கீறலைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. டீரெய்லரையே ஹேங்கரிலிருந்து கழற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே கியரை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், கேபிள் தளரும். 5 எம்.எம். ஆலன் கீயால் ஹேங்கரில் இருக்கும் ஒரே போல்ட்டை இடஞ்சுழியாகத் திருகினால் டீரெய்லர் கையோடு வந்துவிடும். கேபிளையோ செயினையோ கழற்ற வேண்டாம். டீரெய்லரையும் செயினையும் சேர்த்துப் பனியன் துணியில் சுருட்டி, ஃபிரேமின் பின் முக்கோணத்துக்கு உள்ளே தள்ளி வெல்க்ரோ போடுங்கள். இப்போது ஹேங்கரில் தொங்குவது ஒன்றுமில்லை, வளைக்க நெம்புகோலும் இல்லை.

திரும்ப மாட்டும்போதும் ஒரு இடம் கவனிக்க வேண்டும். டீரெய்லரின் தலைப்பக்கம், போல்ட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன நாக்கும் அதைத் தொடும் பி-ஸ்க்ரூ என்ற சின்னத் திருகும் தெரியும். ஹேங்கரின் பின் விளிம்பில் அதற்கென்று ஒரு படி வெட்டியிருப்பார்கள். நாக்கு அந்தப் படிக்குப் பின்னால் உட்கார வேண்டும். போல்ட்டை நேராக இறுக்கினால் நாக்கு படியின் மேலேயே ஏறி நசுங்கும், டீரெய்லர் சாய்ந்து நிற்கும். அதனால் டீரெய்லரைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சுழற்றிப் பிடித்தபடி முதல் மூன்று நான்கு மரையை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கடைசி இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

பையில் ஒரு உபரி ஹேங்கர் வைத்திருங்கள். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், போன ஊரில் தேடி அலைய முடியாது.

பிராம்ப்டனில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே காக்க வேண்டியவை ஃபிரேம் நடுவிலும் ஹேண்டில்பாரிலும் இருக்கும் இரண்டு கிளாம்ப் திருகிகள். அவற்றைத் தகடோடு முழுதாகக் கழற்றிச் சின்னப் பையில் போடுங்கள். மாட்டியே விட்டால் வளையும், வளைந்த திருகியை வைத்து சைக்கிளைப் பூட்ட முடியாது.

டயரும் பேட்டரியும்

மேலே போனால் டயர் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சரக்கறையிலும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் வைத்திருப்பார்கள். அது 8,000 அடி உயரத்துக்குச் சமமான அளவுக்குக் கீழே இறங்காது, அதாவது ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த டயர் ஊட்டியில் வெடிப்பதில்லை. கூடுவது 4 பி.எஸ்.ஐ.க்குள்தான். ஆனாலும் கவுண்டரில் காற்றை இறக்கச் சொல்வார்கள், பெட்டியில் இடமும் வேண்டும். முழுக்க இறக்காமல் 20 பி.எஸ்.ஐ. விட்டு வையுங்கள். டயர் ரிம்மை விட்டு விலகாது, ரிம்முக்கு மெத்தையாகவும் இருக்கும்.

சார்ஜ் செய்யும் விளக்குகள், பவர் பேங்க், உபரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம். ஆலன் கீ, ஸ்பேனர் நேர்மாறு: செக்-இன் பெட்டியில் மட்டும். துரு நீக்கும் ஸ்ப்ரே எங்குமே கூடாது, அது தீப்பற்றும் ஏரோசால். மூடுவதற்கு முன் மேலே ஒரு தாள் வையுங்கள்: ‘மடக்கு சைக்கிள், பேட்டரி இல்லை’ என்று ஆங்கிலத்திலும் எழுதி. எக்ஸ்ரேயில் பார்ப்பவருக்கு இரும்புக் குவியலாகத் தெரியும், திறந்ததும் விஷயம் விளங்கட்டும். ஹெல்மெட்டுக்குள் துணிகளைத் திணித்து ஃபிரேமின் காலி இடத்தில் செருகுங்கள்.

போய் இறங்கியதும்

மாட்டி முடித்ததும் ஃபிரேம் கீலின் லீவரைச் சோதியுங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் மூடினால் கீல் தளர்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, கீலின் இடுக்கில் ஒரு விரலை வையுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஓட்டாதீர்கள், கீலின் சரிசெய்யும் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

கையடக்கப் பம்பில் 60 பி.எஸ்.ஐ. ஏற்றுவது கைவலி. பஞ்சர் கடைக்குப் போவதே மேல். ஆனால் உங்கள் ட்யூபில் பைக் வால்வு இருக்க வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். ‘எவ்வளவுங்ணா காத்து வெக்கோணும்?’ என்று கடைக்காரர் கேட்பார். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைப் பார்த்து அதற்குக் கீழே சொல்லுங்கள்.

அவிநாசி ரோட்டு ஹோட்டலில் தங்கினால் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கோல்டுவின்ஸ்–உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் ஏறாதீர்கள், கீழ்ச்சாலையே நமக்கு. ஹோப் காலேஜில் திரும்பி காமராஜர் சாலை வழியாகச் சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்த் திரும்பினால் குறுகிய ஹால்ட்டுக்குப் போதும். நேரம் இருந்தால் ரேஸ்கோர்ஸ் சுற்றி, பேரூர் வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சின்னச் சக்கரம் நிலைகொள்ளாது. அந்த மாதங்களில் முதலில் மேற்கே போய், காற்று முதுகைத் தள்ளத் திரும்புங்கள். கிழக்கே சூலூர் போனால் வரும்போது காற்றோடு போராடி, பிக்-அப் நேரம் தவறும்.

மண் பாதையில் வேலா முள் உண்டு. ஷ்வால்பி மாரத்தான் டயர் கனம்தான், இருந்தாலும் அதைத்தான் போடுவோம். யூனிஃபார்மிலோ ஐ.டி. கார்டோடோ ஓட்டாதீர்கள். குறைந்தபட்ச ஓய்வு மட்டும் கிடைக்கும் ஹால்ட்டுக்கு சைக்கிளை எடுக்கவே வேண்டாம், அந்த நேரம் தூக்கத்துக்கு.

பிற்சேர்க்கை

டிஸ்க் பிரேக் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு செருகுங்கள். பெட்டிக்குள் லீவர் அமுங்கினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தில் இருக்கும் ரோட்டர் என்ற டிஸ்க் நுழையாது. தடுப்பு தொலைந்தால் மடித்த விசிட்டிங் கார்டு போதும்.

மின்சார மடக்கு சைக்கிள்: பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் வழக்கமான விதி, 160 வரை கம்பெனி அனுமதி தேவை, அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏறாது. பெரும்பாலான மின்சைக்கிள் பேட்டரிகள் 160ஐத் தாண்டியவை.

சிங்கப்பூர் ஹால்ட் உள்ளவர்களுக்கு: அங்கே எம்.ஆர்.டி. ரயிலில் மடக்கிய சைக்கிளை நாள் முழுக்க ஏற்றலாம், அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 20 அங்குல சைக்கிள்கள் பெரும்பாலும் அதற்குள் வரும். 40 என்ற அகலத்தில்தான் இடிக்கும், பெடலை மடக்கிவிட்டு அளந்து பாருங்கள்.