முலைக்காம்பு மறுஅமைப்பு: சின்ன அறுவைதானே என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து, வயிற்றுத் திசுவாலோ சிலிகான் இம்பிளாண்டாலோ புது மார்பு அமைத்தவர்களுக்குக் கடைசிக் கட்டமாக வருவது முலைக்காம்பு. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடலாம், அன்றே வீட்டுக்கும் போகலாம். அதனாலேயே இதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் தவறு அவசரம். புது மார்பின் வீக்கம் வடிந்து, அது தன் இடத்தில் அமர மூன்று நான்கு மாதமாவது ஆகும். கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்த மார்பு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். மறுபக்க மார்பைச் சிறிதாக்கவோ தூக்கித் தைக்கவோ திட்டமிருந்தால் அது முதலில் முடியட்டும். காம்பை வைத்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கத்தை மாற்றினால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இடத்தைக் குறிப்பதில்தான் நடக்கிறது. படுத்திருக்கும்போது மார்பு இருக்கும் இடம் வேறு, நிற்கும்போது வேறு. ஆகவே மயக்க ஊசிக்கு முன்பே, உட்கார வைத்தோ நிற்க வைத்தோ குறிக்க வேண்டும். டேப்பை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். இரண்டு மார்பின் வடிவமும் ஒன்றல்ல என்பதால், கழுத்துக்குழியிலிருந்து அளவு சரியாக இருந்தும் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். ஈசிஜி எடுக்கும்போது ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடி முன் நின்று அவரையே ஒட்டிப் பார்க்கச் சொல்வது நல்ல வழக்கம். காம்பு மேலே ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கடினம், தழும்பும் கண்ணில் படும் இடத்திலேயே விழும்.

அடுத்தது வெட்டும் முறை. இன்று அதிகம் செய்யப்படும் சி-வி ஃப்ளாப்பில், தோலில் இரண்டு 'வி' வடிவச் சிறகுகளையும் நடுவே ஒரு 'சி' வடிவத்தையும் வெட்டித் தூக்குவார்கள். சிறகுகள் சுற்றி வந்து சுவராகும், 'சி' மூடியாகும். சிறகின் அகலம்தான் காம்பின் உயரம். இந்தத் தோல் முழுதாக அறுபடுவதில்லை. அடிப்பகுதி வழியாக வரும் ரத்தத்தில்தான் அது பிழைக்கிறது. அந்த அடியின் குறுக்கே பழைய தழும்பு ஓடினால் நுனி கறுத்துச் செத்துப்போகலாம். தழும்பை ஒரு பக்கமாக ஒதுக்கித் திட்டமிடுவது இதற்காகத்தான். கொழுப்பே இல்லாமல் மெலிதாகத் தூக்குவதும் ஆபத்து. புகைப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

வேண்டிய அளவிலேயே காம்பை அமைப்பதும் தவறுதான். முதல் வருடத்தில் உயரம் பாதி வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறைந்துவிடும். உள்ளே இயற்கையான தசையும் பால்நாளங்களும் இல்லை, தழும்பும் சுருங்கும். எனவே ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரமாக அமைப்பார்கள். இதை முன்பே சொல்லாவிட்டால், கட்டைப் பிரித்ததும் நோயாளி பதறிப்போவார். மறுபக்கக் காம்பு நீளமாக இருந்தால் அதில் பாதியை எடுத்து ஒட்டுவதும் உண்டு. நிறம் அருமையாகப் பொருந்தும். ஆனால் கொடுத்த காம்பில் உணர்ச்சி குறையலாம், இனிமேல் பாலூட்ட நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

வீட்டுக்கு வந்த பின் நடப்பது அழுத்தத் தவறு. நடுவில் ஓட்டையுள்ள வடை மாதிரி வெட்டிய ஸ்பாஞ்சை வைத்துச் சில வாரம் காக்க வேண்டும். இறுக்கமான பிரா கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது.

எதிர்பார்ப்பையும் முன்பே பேசிவிடுவது நல்லது. புதுக் காம்பில் பழைய உணர்ச்சி வராது, குளிரில் விறைக்காது, பால் சுரக்காது.

சுற்றியுள்ள கருவட்டத்துக்கு முன்பு தொடை இடுக்குத் தோலை எடுத்து ஒட்டினார்கள், 1949-இல் பெண்குறி இதழின் தோலைக்கூட எடுத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் டாட்டூதான். புண் ஆறி இரண்டு மூன்று மாதம் கழித்துக் குத்துவார்கள். மங்கும் என்பதால் கொஞ்சம் அடர்த்தியான நிறமே சரி.

இம்பிளாண்டுக்கு மேல் தோல் மெலிந்து, கரண்டும் வைத்தவர்களுக்குக் கத்தியே வேண்டாம் என்பது பல நேரம் நல்ல முடிவு. அங்கே புண் ஆறாமல் போனால் இம்பிளாண்டையே இழக்க நேரலாம். ஒளியும் நிழலும் காட்டி வரையும் முப்பரிமாண டாட்டூ எதிரில் பார்ப்பவருக்குப் புடைத்த காம்பாகவே தெரியும், தொட்டால் தட்டையாக இருக்கும். சில வருடங்களில் நிறம் மங்கினால் மறுபடி குத்திக்கொள்ளலாம்.