லேசர் ஃபைபரும் வளைந்த ஸ்கோப்பும்: சிறுநீரகக் கல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலில் கத்தி வைக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் யூரிட்டரோஸ்கோப்பை (முனையில் கேமரா உள்ள மெல்லிய குழாய்; சுருக்கமாக ஸ்கோப்) ஏற்றிச் சிறுநீரகக் கல்லை லேசர் ஒளியால் உடைக்கப் பழகும் இளம் மருத்துவர்களுக்கு அருகில் நின்று வழிகாட்டுவது என் வேலை. பயிற்சிக் காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்யப் போகும்போது மனம் பதறுகிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது போன்றவற்றை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வளைந்த ஸ்கோப்புக்குள் ஃபைபரைத் தள்ளுவது

ஹோல்மியம் லேசரின் ஒளியைக் கல்வரை கொண்டுசேர்ப்பது, மையப் பகுதி 200 மைக்ரான் மட்டுமே உள்ள, இரண்டு மூன்று தலைமுடிகளைச் சேர்த்த தடிமன் கொண்ட ஒரு கண்ணாடி இழை. அது செல்லும், ஸ்கோப்பின் உட்குழாயின் விட்டம் சுமார் 1.2 மில்லிமீட்டர். குழாயின் சுவர் மெல்லிய பிளாஸ்டிக். வெட்டப்பட்ட ஃபைபரின் முனையோ கண்ணாடிச் சில்லின் கூர்மை உடையது. ஸ்கோப் நேராக இருந்தால் முனை வழுக்கிக்கொண்டு போகும். வளைந்திருந்தால் வளைவின் வெளிச்சுவரில் முட்டி நிற்கும். ஏதோ தடுக்கிறது என்று எண்ணிக் கை சற்றே அழுத்த, சுவர் கிழிந்துவிடும்.

எனக்கு இது நேர்ந்தது, சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் (சிறுநீர் சேரும் சிறு அறை) ஒளிந்திருந்த ஒரு கல்லை நாற்பது நிமிடம் தேடிக் கண்டுபிடித்த நாளில். கல் மீண்டும் பார்வையிலிருந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில், முனையை வளைத்துப் பிடித்தபடியே ஃபைபரை வாங்கிச் செலுத்தினேன். காகிதத்தில் ஊசி இறங்குவது போன்ற ஒரு சிறு தடை விரலில் தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. அறுவை முடிந்து, செவிலியர் ஸ்கோப்பினுள் காற்றழுத்தம் ஏற்றி நீரில் அமிழ்த்தியபோது, வளையும் பகுதியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. பழுதுபார்க்கும் செலவு லட்சங்களில் வந்தது; ஸ்கோப் திரும்பி வரும்வரை நோயாளிகள் சிலர் சிறுநீர்ப் பாதையில் பொருத்திய ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயுடன், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிச்சலுடன் காத்திருந்தார்கள். பணத்தைவிட அந்தக் காத்திருப்புத்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

சென்ற மாதம் ஒரு பயிற்சி மருத்துவர் அதே அவசரத்துடன் ஃபைபரை நீட்டியபோது அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஃபைபர் உள்ளே இருந்தால் ஸ்கோப் முழுதாக வளையாது, ஆகவே முதலில் வளைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அதில் பாதி உண்மை இருந்தாலும் வழி வேறு: ஸ்கோப்பை நேராக்கி, ஃபைபரை முனைவரை ஏற்றிய பிறகே வளைக்க வேண்டும், அப்போதும் கல்லை எட்ட முடியாவிட்டால், அதை பேஸ்கெட்டால் (கல்லைப் பிடிக்கும் சிறு கம்பிக் கூடை) மேல் கிண்ணத்துக்கு எடுத்துவந்து உடைக்கலாம். உருண்டை முனை கொண்ட ஃபைபர் வளைவில் எளிதாக நுழையும் என்பதும் சரிதான், ஆனால் லேசர் பாயத் தொடங்கியதும் அந்த உருண்டை தேய்ந்துவிடுவதால், இரண்டாம் முறை நுழைக்கும்போது அதை நம்பக் கூடாது.

முனை திரையில் தெரியாமல் மிதிப்பது

ஃபைபரின் முனை தெரியவில்லையென்றால் லேசரை இயக்கும் பெடலில் கால் வைக்காதீர்கள்.

கம்பி அருகே சுடுவது

கல்லை உடைக்கும் லேசர், ஸ்கோப்புக்கு வழிகாட்ட உள்ளே விட்டிருக்கும் கம்பியையும் பேஸ்கெட்டையும் துண்டித்துவிடும்.

நீரோட்டத்தைப் பாராமல் வாட்டை ஏற்றுவது

ஒரு துடிப்புக்கு 0.5 ஜூல், விநாடிக்கு 20 துடிப்பு என்றால் 10 வாட். 1 ஜூல், 40 துடிப்பு என்றால் 40 வாட். ஹோல்மியத்தின் 2.1 மைக்ரான் ஒளியை நீர் மிக வேகமாக உறிஞ்சிக்கொள்வதால், கல்லில் செலவாகாத ஆற்றல் கிண்ணத்திலுள்ள நீரைச் சூடாக்கும், ஓட்டம் நின்றால் திசுவையும் புண்ணாக்கும். ஸ்கோப் வழியாக உள்ளே ஓடும் சலைன் (உப்பு நீர்) பை காலியானதை லேசர் கருவி அறிவிக்காது. வாட்டை ஏற்றச் சொல்வதற்கு முன் நான் பையைத் திரும்பிப் பார்க்கிறேன், நீர் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.