அப்ரூவல் இல்லாமல் கட்டியதற்கு நோட்டீஸ் வந்துவிட்டதா? செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் வீட்டில் நோட்டீஸ் ஒட்டியபோது நான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முகப்புக் கதவில், பர்மா தேக்கின் மேல், மைதாப் பசை வழிய ஒரு தாள். 'அனுமதியின்றி' என்ற சொல்லைப் படிப்பதற்கு முன்னாலேயே கதவு பாழாய்ப் போச்சே என்றுதான் பதறினேன்.

கட்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆத்தாவுக்கு முழங்கால் வலி, கொல்லை வரை நடக்க முடியவில்லை. பின்கட்டில் ஒரு பாத்ரூம் போட்டோம். கம்பி, சிமெண்டு எல்லாம் வந்து இறங்கியிருக்கிறதே என்று அதன் மேலே ஓர் அறையையும் ஏற்றினோம். பாத்ரூம் தேவை, மேலே ஏற்றியது ஆசை. ப்ளான் போட வேண்டும் என்று கொத்தனாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வேலையை நிறுத்துங்கள்

மிச்சமிருக்கும் டைல்ஸை ஒட்டிவிடலாம், வண்ணம் மட்டும் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நோட்டீஸுக்குப் பிறகு நடந்த வேலை என்று போட்டோவுடன் ஃபைலில் ஏறினால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டடத்தை இன்றைய நிலையில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. நோட்டீஸை வரி வரியாகப் படியுங்கள்

பார்க்க வேண்டியவை: தேதி, சர்வே எண், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் கெடு. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பிரிவு 57 என்றால் நடக்கிற வேலையை நிறுத்தச் சொல்வது. பிரிவு 56 என்றால் கட்டியதை அகற்றச் சொல்வது. 56 என்றதும் கடப்பாரையைத் தேட வேண்டாம். அதே பிரிவிலேயே, கெடுவுக்குள் பிரிவு 49இன் கீழ் மனுப் போட்டு, கட்டியதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்றும் இருக்கிறது. ஆகவே கெடு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பே இல்லாமல் இடித்துவிடுவார்களோ என்று பலர் கேட்கிறார்கள். 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தராமல் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் தெரு, நடைபாதை, நீர்நிலை இவற்றை ஆக்கிரமித்துக் கட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஊருணிக் கரையை ஒட்டிச் சுவர் எழுப்பியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

3. எந்த அலுவலகம்?

கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு இரண்டு நடை வீண். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகள் அதற்குள் வந்துவிட்டன. தேவகோட்டை நகராட்சி. ஆத்தங்குடி ஊராட்சி. உங்கள் வீட்டு வரி ரசீது கடைசியாக யார் பெயரில் வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வரி ரசீது என்றதும் இன்னொன்று. "புதுசா கட்டின ரூமுக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுறோம், அப்ப அது அப்ரூவல்தானே?" என்று கேட்பார்கள். இல்லை. வரி கட்டியது வரி கட்டியதற்கு மட்டுமே சாட்சி. ஆனால் பழைய ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் வீடுகள் பலவும் ப்ளான், அப்ரூவல் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழும்பியவை. மூல வீடு பழையது, இந்தப் பாத்ரூமும் அறையும் மட்டுமே புதியவை என்று காட்ட அந்தச் செல்லரித்த ரசீதுகள்தான் உதவும்.

4. பதிவு பெற்ற இன்ஜினியரை வைத்து அளங்கள்

கொத்தனார் சொல்லும் அளவை நம்பி மனுப் போடாதீர்கள். எங்கள் இன்ஜினியர் டேப்பைப் பிடித்தபோது, பின்சுவர் நேராகவே இல்லை. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் முக்கால் அடி வித்தியாசம். மேல் அறையின் சன்ஷேடு சந்துக்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே வழிகிற மழைத் தண்ணீர் எதிர்ச் சுவரில் பச்சையாகப் பாசி பிடிக்க வைத்திருந்தது. புகார் எங்கிருந்து போயிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நாம் 'கொல்லைப் பக்கம்' என்று அசட்டையாகக் கட்டுகிற சுவர், அவர்கள் வரைபடத்தில் தெருவைப் பார்த்த சுவர். தெருவோரம் விட வேண்டிய இடைவெளி அங்கேயும் கேட்கப்படலாம்.

2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி. பெரிய மனையும் நடுவே திறந்த வாசலுமாக இருக்கும் வளவு வீட்டில் இது பெரும்பாலும் சிக்கல் ஆகாது. சிக்கல் பக்க இடைவெளிதான், அதாவது சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்.

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, ஓடு மாற்றுவது, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கு அனுமதி வேண்டியதில்லை. சுவர் எழுப்புவது, மேலே தளம் ஏற்றுவது என்று வந்தால்தான் கேள்வி. அதிலும் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தளம்) மேல் கான்கிரீட் ஏற்றியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்கிவிடுங்கள். தேக்கு விட்டமும் சுண்ணாம்புச் சுவரும் நூறு வருஷம் தாங்கியது அதனதன் எடையை. உங்கள் புது அறையின் எடையை அல்ல. அலுவலகம் கேட்காவிட்டாலும் இதை நான் வாங்கியிருப்பேன். கீழே படுப்பது ஆத்தா.

5. பங்காளிகளின் கையெழுத்து

இங்கேதான் எங்களுக்கு மாதக் கணக்கில் ஆனது. மற்ற ஊர் விளக்கங்களில் 'உரிமைப் பத்திரத்தை இணைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே பட்டா ஐயா பெயரில் இருக்கும். பங்கு ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பத்துக்கு, இருக்கும். ஆட்கள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று இருப்பார்கள். கூட்டுச் சொத்தில் ஒருவர் மட்டும் மனுப் போட்டால், மற்றவர்களின் சம்மதம் எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள்.

பினாங்கில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆத்தாவின் முழங்கால், மழை, மலேசியாவில் விலைவாசி எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டார்: "கையெழுத்துப் போடுறதுக்கு என்னப்பா. ஆனா நாளைக்கு என் பங்கு என்னன்னு யாராவது கேட்டா?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆகவே சம்மதக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்: 'இந்தச் சம்மதம் கட்டட அனுமதிக்கு மட்டுமே, இதனால் யாருடைய பங்கும் கூடவோ குறையவோ செய்யாது.' அந்த வரியைப் படித்துக் காட்டியதும் மூன்று பேர் அதே வாரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். நீங்களும் முதல் நாளே அந்த வரியோடு போங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் உங்களுக்குப் பவர் எழுதித் தருவதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையையும் பத்திரத்தோடு வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

6. மனு

கட்டட அனுமதிக்கான ஒற்றைச் சாளர இணையதளத்தில் இன்ஜினியரே ஏற்றுவார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் (மனையின் சர்வே அளவுகளைக் காட்டும் படம்), வரி ரசீது, வரைபடம். வரைபடத்தில் பழையது, புதியது, இடிக்கப்போவது மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டியதை 'கட்டப்போகிறோம்' என்று எழுதாதீர்கள். நேரில் பார்க்க வருகிறவருக்குக் கண் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதிலாக, மனு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும். ஒன்று, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் உடனே அனுமதி. நல்ல திட்டம்தான், ஆனால் அது கட்டப்போகிறவர்களுக்கு. இன்னொன்று, அனுமதி இல்லாமல் கட்டியதைப் பிறகு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம். அதே 1971 சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களைப் பற்றியது. போன வருஷம் போட்ட பாத்ரூமுக்கு அதில் இடமில்லை. "எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று வரும் புரோக்கரிடம் ரசீது கேளுங்கள். ஆள் அப்புறம் வர மாட்டார்.

7. இடிக்க வேண்டியதை நீங்களே இடியுங்கள்

எங்கள் இன்ஜினியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "பாத்ரூமைக் காப்பாத்தலாம், அறையையும் காப்பாத்தலாம். சன்ஷேடு போயாகணும்." மனுவிலேயே அதை இடிப்பதாகக் காட்டினோம். ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முந்தின வாரம், கட்டிய அதே கொத்தனாரைக் கூப்பிட்டு மெஷினில் அறுத்தோம். அரை நாள் வேலை. அறுத்த கம்பி முனைகளை அப்படியே விட்டால் துருப்பிடித்துச் சுவருக்குள் இறங்கும்; பூசி மூடிவிடுங்கள். மழைத் தண்ணீருக்குக் குழாய் வைத்து நம் வாசலுக்கே திருப்பினோம். எதிர் வீட்டுக்காரர் சந்தில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "குழாயை இன்னும் கொஞ்சம் இறக்கி வைங்க தம்பி" என்றார். இறக்கி வைத்தோம்.

மனுவை நிராகரித்துவிட்டால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு.

அனுமதி ஆணை கைக்கு வந்ததும், அதை வைத்து வீட்டு வரியைத் திருத்துங்கள். ஆணையையும் வரைபடத்தையும் நகல் எடுத்துப் பங்குக்கு ஒன்றாக அனுப்புங்கள். பினாங்கு அண்ணன் கலர் நகல்தான் வேண்டும் என்றார். கதவில் இருந்த பசையை நான் வெந்நீரில் நனைத்த துணி போட்டு ஊற வைத்து எடுத்தேன். சுரண்டாதீர்கள், தேக்கு கீறல் விழும்.