பழைய மர சாமானுக்கு மெழுகுவத்தி வேலை

பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்டூலோ அலமாரியோ, அங்கங்கே பெயிண்ட் தேய்ந்து உள்நிறம் தெரிகிற அழகு வேண்டுமா? ஒரு மெழுகுவத்தி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஏற்கெனவே பழைய பெயிண்ட் இருந்தால் கவனம், அதில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். சந்தேகம் என்றால் தேய்க்காதீர்கள், வேறு சாமான் பாருங்கள்.

பிரைமர், அதன்மேல் அடர்நிறம் ஒரு கோட். காய்ந்ததும் மெழுகுவத்தியை விளிம்பு, மூலை, கைப்பிடி ஓரம் என வழக்கமாகக் கை படும் இடங்களில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். நடுப்பலகையில் தேய்த்தால் பழசாகத் தெரியாது, பெயிண்டர் ஏமாற்றிவிட்ட மாதிரிதான் இருக்கும்! துகள்களைத் தட்டிவிட்டு வெளிர்நிற மேட் பெயிண்ட் அடியுங்கள். மெழுகின்மேல் அது பிடிக்காது. நன்றாகக் காய்ந்தபின் 220 எண் தாளால் தேய்த்தால் அடிநிறம் எட்டிப் பார்க்கும். அப்புறம் மிச்ச மெழுகைத் துடைத்தெடுத்து, கிளியர் வார்னிஷ் ஒரு கோட்.

நல்ல தேக்கோ ஈட்டியோ கிடைத்தால் மட்டும் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள், பாலிஷ் போதும்.