சேலத்தில் சீனத்தைப் படிக்க: ஒரு நாவல், ஒரு வரலாறு

நவீன சீனத்தைப் படிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தலையணை மொத்த வரலாற்று நூலை எடுத்து, சீனாவின் கடைசி அரச வம்சமான மஞ்சு அரசு கவிழ்வதற்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். நாவல் மட்டும் படிப்பவர்களுக்கோ, அதில் வருகிறவர்கள் எதற்காக இப்படி நடுங்குகிறார்கள் என்பதே பிடிபடாது. அதனால் ஒரே காலத்தைப் பேசும் நாவலையும் வரலாற்றையும் ஜோடியாக எடுங்கள். ஆறேழு பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். முதல் மாதம் நாவல், மறுமாதம் வரலாறு. இந்த வரிசை முக்கியம்: மனசில் கேள்வி விழுந்த பிறகு படிக்கும் வரலாறுதான் தங்கும்.

தொடங்கும்போதே ஒரு தாளில் பெயர்களை எழுதிவையுங்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர்தான் முன்னால். பழைய நூல்களின் சியாங் கை ஷேக்கும் சில புதிய நூல்களின் ஜியாங் ஜியேஷியும் ஒரே ஆள். இது தெரியாமல் இரண்டு தலைவர்கள் என்று நினைத்துப் பல பக்கம் போய்விடுவார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு நல்ல வாசல் 1958 முதல் 1962 வரை, மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' திட்டமும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் நடந்த காலம். கஞ்சமலை இரும்புத் தாதையும் உருக்காலையையும் அறிந்த ஊர் இது. 1957இல் 53.5 லட்சம் டன்னாக இருந்த எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் 107 லட்சம் டன்னாக்கச் சீன அரசு முடிவெடுத்தது. ஊர்தோறும் மண் உலை வைத்தார்கள். வீட்டுச் சட்டியும் கரண்டியும் உலைக்குள் போயின. யூ ஹுவாவின் 'டு லிவ்' நாவலில் சட்டியை உடைக்கும் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு உருக்காலையில் வேலை பார்த்த ஒருவரை அழைத்து, அந்த உலைகளில் வந்தது ஏன் உடையும் இரும்பாக இருந்தது என்று கால் மணி நேரம் விளக்கச் சொல்லுங்கள். கரியும் கந்தகமும் கட்டுக்குள் இல்லை என்பதை அவர் சொன்னால் உடனே புரியும். ஆட்கள் உலையடியில் நின்றதால் விளைந்த கதிர் பல இடங்களில் வயலிலேயே அழுகியது. உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை ஊதிப் பெருக்கிக் கணக்குக் காட்ட, அந்தப் பொய்க்கணக்கின்படி அரசு தானியத்தை அள்ளிப்போனது. பஞ்சம் வந்தது.

இதோடு சேர வேண்டிய வரலாறு சீனப் பத்திரிகையாளர் யாங் ஜிஷெங்கின் 'டூம்ஸ்டோன்'. 2008இல் ஹாங்காங்கில் வந்தது, சீனாவுக்குள் தடை. ஆங்கிலப் பதிப்பு சுருக்கப்பட்டது. சாவுக் கணக்கில் அவர் 3.6 கோடி என்கிறார், வரலாற்றாசிரியர் ஃபிராங்க் டிக்கோட்டர் குறைந்தது 4.5 கோடி என்கிறார். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். எந்த ஆவணத்தை நம்பினார்கள், இயல்பான சாவு என்று எவ்வளவைக் கழித்தார்கள் என்று தேடுங்கள், வித்தியாசம் அங்கேதான்.

அடுத்து கலாச்சாரப் புரட்சி, மாவோ இளைஞர்களைத் திரட்டிப் 'பழமைவாதிகள்' மீது ஏவிவிட்ட 1966 முதல் 1976 வரையான காலம். லியு சிஷினின் 'த த்ரீ பாடி ப்ராப்ளம்' அறிவியல் புனைவுதான், ஆனாலும் எடுங்கள். ஆங்கிலத்தில் அது புரட்சிக் காட்சியோடு தொடங்குகிறது. சீன நூல் பதிப்பில் அந்தப் பகுதி நடுவில் இருக்கிறது.

தடைசெய்யப்பட்ட புத்தகங்களை மட்டும் பொறுக்காதீர்கள். சீன எழுத்து என்றால் சீன நாடு மட்டுமல்ல. மலேசியாவின் ஜொகூரில் பிறந்து தைவானில் வாழும் இங் கிம் சியூவின் கதைகளில் ரப்பர் தோட்டம் வரும். மலேசியத் தமிழ்க் கதைகள் படித்தவர்களுக்கு அந்த மண் அந்நியமாக இருக்காது.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏற்காட்டில் கூடலாம். பேருந்தில் புத்தகத்தைத் திறக்காதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வயிற்றுக்கும் ஆகாது.