ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்? தில்லியில் புதிதாகச் சுடத் தொடங்குபவர்களுக்கு

ரைபிள் துல்லியம் என்று தேடினாலே அமெரிக்கக்காரர்கள் வீட்டு மேசையில் வெடிமருந்தை அளந்து தோட்டா தயாரிக்கும் வீடியோக்கள்தான் வந்து குவியும். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை, அதில் மருந்தும் கிடையாது, தள்ளுவது வெறும் காற்று. அதனால் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைத்தான்.

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆர்.கே.புரம், மயூர் விஹார் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இளவேனில் வாலறிவன் எதைச் சுடுறாங்களோ அதையே வாங்கிடலாமா அண்ணா?" வாங்கலாம், ஆனால் அந்த ஒலிம்பிக் வீராங்கனை சுடுவது உங்கள் பேரலுக்கு, அதாவது ரைபிளின் குழலுக்கு, பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெல்லட்டின் தலை பேரலுக்குள் இருக்கும் வரிகளின் மேல் உட்கார்ந்து போகிறது, பின்பக்கப் பாவாடை விரிந்து காற்றை அடைக்கிறது. பேரலுக்குப் பேரல் உள்ளளவு மயிரிழை மாறுவதால், ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைபிள்கள் இரண்டு கூட வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும்.

வாங்கும்போது தட்டைத் தலை உள்ளதாகப் பாருங்கள், அதுதான் காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். ரைபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம் எடை. தலையளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருக்கும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் நம் ரேஞ்சுகளில் பலரும் சுடுபவை. மூன்று நான்கு வகையில் தலா ஒரு டப்பா போதும். டப்பாவில் உள்ள பாட்ச் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதை) குறித்துவையுங்கள், பிராண்டை விட அதுதான் முக்கியம்.

சரி, சோதனை. ரைபிளின் கட்டையை மட்டும் மணல் மூட்டையில் சாய்த்து உட்காருங்கள், பேரலோ காற்றுச் சிலிண்டரோ எதன் மேலும் படக் கூடாது. சிலிண்டரில் காற்று நிறைய இருக்கட்டும். கூலர் ஓடினால் நிறுத்துங்கள், மே மாதத்தில் கஷ்டம்தான், என்ன செய்வது. வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். அப்புறம் ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பத்துக் குண்டுகள், அட்டையை மாற்றி இன்னொரு பத்து. ஐந்து குண்டில் முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர், அது அதிர்ஷ்டத்தை அளப்பது. முதல் சுற்றில் அ, ஆ, இ என்று சுட்டால் அடுத்த சுற்றை இ, ஆ, அ என்று திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் களைப்பு முழுக்கக் கடைசி டப்பாவின் தலையில் விழும்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர். துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ.யைக் கழித்தால் உண்மையான பரவல் கிடைக்கும். எந்த வகையின் சராசரி சின்னதோ அதுதான் வெற்றி. ஒரே ஒரு அழகான அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? 10 மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டின் விட்டமே 0.5 மி.மீ.தான், நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகிறது. குண்டுக்குச் சராசரியாக அந்த அளவு விலகல் கூடினாலே 60 குண்டுக்கு 6 புள்ளி காலி. ஆனால் இது நன்றாகச் சுடுகிறவர்களின் கணக்கு. இப்போதுதான் நின்று சுடக் கற்கும் பிள்ளையின் கை ஆட்டமே பல மில்லிமீட்டர் இருக்கும், அதற்குள் பெல்லட்டின் வித்தியாசம் கரைந்துபோகும். அதனால் என் கருத்து, முதல் வருடம் கிடைக்கிற மலிவான மேட்ச் (போட்டி) பெல்லட்டைச் சுடட்டும், மிச்சக் காசைச் சுடும்போது போடும் ஜாக்கெட்டுக்கு வையுங்கள். குண்டுக்குச் சராசரி 10 புள்ளியை நெருங்கும்போது சோதனைக்கு உட்காரலாம்.

டப்பாவைக் கீழே போட்டால் பாவாடை நசுங்கிவிடும், அந்தக் குண்டுகளைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஈயம் என்பதால் குண்டை வாயில் வைக்கும் பழக்கம் கூடவே கூடாது, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. மழைக்காலத்தில் மூடியை இறுக்கி மூடி வையுங்கள், ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

வென்ற பாட்ச் தெரிந்ததும் அதே எண்ணில் முடிந்த அளவு வாங்கி வைப்பது நல்லது, ஒரு டப்பாவில் 500 குண்டு என்பதால் தினமும் சுடுபவருக்கு அது சீக்கிரம் தீரும். கடைக்காரர் "அதே கம்பெனிதான் சார், பாட்ச் மட்டும் வேற" என்றால் ஒரே ஒரு டப்பா வாங்கி, பழையதில் மிச்சம் இருப்பதோடு சேர்த்துச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.