எம்ஜிபி காரில் ஹாரன் அடிக்கவில்லையா? எர்த் பக்கத்தையும் பாருங்கள்

செங்கோட்டைப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவருக்கு ஹாரன் கட்டாயம் வேண்டும். புளியரை எஸ் வளைவில் கேரளாவிலிருந்து இறங்கும் லாரிக்காரர் கண்ணில் நம் தாழ்வான வண்டி லேசில் படாது. ஆனால் சாரல் காலத்து ஈரத்தில் மக்கர் செய்வதும் அதே ஹாரன்தான்.

1962-இல் வெளிவந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துச் சொல்கிறேன். இதில் பட்டன் ஹாரனுக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. சாவி போடாவிட்டாலும் ஃபியூஸிலிருந்து ஊதா வயர் வழியாக 12 வோல்ட் ஹாரனில் வந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் கறுப்புக் கோடு போட்ட ஊதா வயர் எர்த் ஆகும், அதாவது வண்டியின் பாடியோடு சேரும், ஹாரன் அடிக்கும். இது புரிந்துவிட்டால் வயரிங் முழுவதையும் பிரித்துப்போட வேண்டியதில்லை.

முதலில் உள்விளக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஹாரனுக்கும் ஒரே ஃபியூஸ்தான். எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. எரியாவிட்டால் ஃபியூஸைக் கழற்றி, அது உட்காரும் கிளிப்பையும் எமரி பேப்பரால் தேய்த்துவிடுங்கள். பழைய லூகாஸ் கம்பெனி கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் கருகும். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்து டெஸ்ட் லேம்ப், அதாவது ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள சின்ன 12 வோல்ட் பல்ப். கிளிப்பை பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்தில் மாட்டி, முனையை ஹாரனில் ஊதா வயர் டெர்மினலில் வையுங்கள். எரியாவிட்டால் ஃபியூஸிலிருந்து ஹாரன் வரைக்கும் உள்ள வழியில் பிழை. வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், அங்கே தேடுங்கள்.

ஊதாவில் எரிந்தால் கறுப்புக் கோடு உள்ள வயரின் டெர்மினலுக்கு மாறுங்கள். அங்கும் எரிய வேண்டும், ஏனென்றால் கரண்ட் ஹாரன் காயிலைக் கடந்து வருகிறது. எரியவில்லையா? ஹாரனுக்குள்ளேயே பாயிண்ட்டோ காயிலோ போயிருக்கிறது.

எரிந்தால் ஒருவரை ஸ்டியரிங் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். லேம்ப் அணைந்து ஹாரன் அடிக்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எர்த் வழி அறுந்திருக்கிறது. உறுதி செய்ய, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை அந்த டெர்மினலிலும் மறுமுனையை பாடியிலும் ஒரு நொடி தொடுங்கள். ஊதா டெர்மினலில் மட்டும் தொட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும். ஹாரன் அடித்தால் குற்றம் பட்டன் பக்கம்தான்: பட்டனுக்குள் துருப்பிடித்த தகடு, தேய்ந்த தொடுமுனை, அங்கிருந்து வரும் வயர். என் அனுபவத்தில் பெரும்பாலும் இங்கேதான் பிழை இருக்கிறது. புது ஹாரன் வாங்க ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1967 வரையிலான வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம். டெஸ்ட் லேம்புக்கு இந்தக் குழப்பமே இல்லை, அதனால் புதியவர்களுக்கு அதுவே நல்லது.

ஹாரன் நிற்காமல் அலறினால் கறுப்புக் கோடு போட்ட வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. அந்த வயரை ஹாரனிலிருந்து உருவினால் சத்தம் நிற்கும். அப்புறம் ஸ்டியரிங் தண்டு வரை தடவிப்பார்த்து, தேய்ந்த இடத்தில் டேப் சுற்றாமல் புது வயர் போடுங்கள். மழையில் டேப் பிரிந்துவிடும்.